போடிமெட்டு ஏற்றத்தில் கால் சுடுதா? பைக் சூட்டைக் குறைக்க என்ன செய்யலாம்... எதைச் செய்யவே கூடாது!

சனிக்கிழமை விடிந்தால் போதும், போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தல் பக்கம் பைக்குகள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். மதுரை, திண்டுக்கல், விருதுநகர், திருச்சி என எல்லா ஊர்ப் பதிவெண்களும் தென்படும். மூணாறு போகிறவர்கள், போடிமெட்டு வரை ஏறி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள், பின்சீட்டில் மனைவியையும் அதற்குப் பின்னால் பையையும் வைத்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள்... அங்கிருந்து மேலே 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதோ எட்டாவதோ வளைவு வரும்போது பின்னாலிருந்து குரல் வரும்.

``ஏங்க... கால் ரொம்பச் சுடுதுங்க. ஓரமா நிறுத்துங்களேன்.''

``இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா. மெட்டுக்குப் போய் நிறுத்திக்கலாம்.''

இந்த உரையாடல் நடக்காத மலைப்பாதையே இருக்காது. சிலருக்கு அது வெறும் சூடு. சிலருக்குக் கெண்டைக்காலில் ஒரு கொப்புளம். இன்ஜின் ஆயில் குறைந்துபோன வண்டியாக இருந்தால், 12-வது வளைவில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு வண்டியே நின்றுபோகும். மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான். ஆனால் வைத்தியம் வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல், வண்டி சுடுகிறது என்றதுமே சைலன்ஸரை மாற்றுவது, பைப்புக்குத் துணி சுற்றுவது என்று இறங்குவதில்தான் பணமும் போகிறது, பிரச்னையும் கூடுகிறது.

தேனியில் மட்டும் ஏன் இவ்வளவு சூடு?

தேனி மாவட்டத்திலிருந்து மேலே போகும் எந்தச் சாலையும் மெதுவாக ஏறுவதில்லை. கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் வரும் போடிமெட்டுப் பாதை, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, லோயர் கேம்ப்பிலிருந்து பெரியாறு மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்களைக் கடந்து ஏறும் குமுளிப் பாதை, சின்னமனூரிலிருந்து மேகமலை... எல்லாமே வெயில் காயும் சமவெளியிலிருந்து சட்டென்று மலையேறுபவை. மேகமலைப் பாதையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பூக்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையை ரசிக்கும் நிலையில் வண்டி இருக்க வேண்டுமே!

போடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 அடியில் இருக்கிறது. போடிமெட்டு ஏறத்தாழ 4,500 அடி. அதாவது, ஒரு மணி நேரத்துக்குள் வண்டி தன்னையும் உங்களையும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்கிறது. 200 கிலோ வண்டி, இரண்டு பேர், பை எல்லாம் சேர்த்து 350 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கத் தேவையான சக்தி சுமார் 100 மில்லி பெட்ரோலில் இருக்கிறது. கேட்கவே ஆச்சர்யமாக இருக்கும். ஆனால், தான் எரிக்கும் பெட்ரோலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் இன்ஜின் இழுவையாக மாற்றுகிறது. எனவே அந்த 100 மில்லி வேலைக்கு 300, 400 மில்லி எரிந்தாக வேண்டும். மீதியெல்லாம் சூடு. ஏறத்தாழ பாதி சைலன்ஸர் வழியாகப் போகும், மற்றது சிலிண்டரிலிருந்தும் ரேடியேட்டரிலிருந்தும் வெளியேறும்.

இதைச் சமையலறைக் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். லிட்டருக்கு 30 கி.மீ கொடுக்கும் ஒரு பைக் 60 கி.மீ வேகத்தில் ஓடும்போது, வீட்டு கேஸ் அடுப்பின் ஐந்தாறு பர்னர்களை முழுத் தீயில் எரித்தால் வரும் சூட்டை வெளியே விடுகிறது. அத்தனை பர்னர்களும் உங்கள் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இருக்கின்றன. சமவெளியில் அதை உணராமல் இருப்பதற்கு ஒரே காரணம், எதிரே அடிக்கும் காற்று. மலையில் இரண்டாவது கியரில் 25 கி.மீ வேகத்தில் ஊரும்போது இன்ஜின் வேலை கூடுகிறது, காற்று பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது.

காற்று என்றதும் இன்னொன்று. ஆனி, ஆடி மாதங்களில் கேரளப் பக்கமிருந்து மலையிடுக்கு வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் காற்றை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காற்றாலைகளைச் சுற்றவைப்பது அதுதான். தேனியிலிருந்து கம்பம் நோக்கிப் போகும்போது அது எதிர்க்காற்று. மைலேஜ் குறையும், ஆனால் இன்ஜின் குளிரும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். வண்டியின் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றுக்கொன்று ஈடாகி, சிலிண்டர்மீது காற்றே படாததுபோல ஆகிவிடும். `போகும்போது நல்லா இருந்த வண்டி, வரும்போது ஏன் சுடுது?' என்று குழம்புகிறவர்களுக்கு பதில் பெரும்பாலும் இதுதான்.

கார்த்திகை, மார்கழியில் கதை வேறு. சபரிமலை சீசனில் கம்பம், குமுளிச் சாலைகளில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். கூட்டம் மிஞ்சும் நாள்களில் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதையாக்குவதும் உண்டு. ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் அரை கிளட்ச்சில் நின்று நின்று போகும் பைக்குக்கு வெயில் மாதம், பனி மாதம் என்ற வித்தியாசமெல்லாம் இல்லை.

புது வண்டி கூடுதலாகச் சுடுகிறதே?

`பழைய வண்டியில் இப்படிச் சுட்டதே இல்லை' என்று புலம்புகிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதிமுறை வந்த பிறகு, சைலன்ஸர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் பொறுப்பு கூடிவிட்டது. பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற ஓர் அமைப்பு அது. புகையிலிருக்கும் நச்சு வாயுக்களை மாற்றும் வேலையை அது செய்ய, சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காகவே பல வண்டிகளில் அதை இன்ஜினுக்கு நெருக்கமாக, ஏறக்குறைய ஓட்டுபவரின் வலது பாதத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக விட்டு கார்புரேட்டரை ட்யூன் செய்வார்கள். எரியாத பெட்ரோல் இன்ஜினைச் சற்றுக் குளிரவைக்கும், மைலேஜ் போகும். இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் அந்தத் தாராளத்தைக் காட்டுவதில்லை.

ஆக, புது பைக்கில் கால் ஓரளவு சுடுவது கோளாறல்ல. லிக்விட் கூல்டு வண்டிகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். டிராஃபிக்கில் நிற்கும்போது கூலன்ட் சுமார் 100 டிகிரியை நெருங்கியதும் ஃபேன் ஓடத் தொடங்கும். ரேடியேட்டரின் சூட்டையெல்லாம் அள்ளி நேராக முழங்காலில் வீசும். ஃபேன் சத்தம் கேட்டுப் பயந்துவிடுகிறவர்கள் உண்டு. பயப்பட வேண்டியது அது ஓடாதபோதுதான்.

காற்றை மட்டுமே நம்பும் ஏர் கூல்டு இன்ஜின்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் நீண்ட உறவு உண்டு. 1955-லிருந்து சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் சிலிண்டரைச் சுற்றியுள்ள இதழ் இதழான ஃபின்கள்தான் அதன் ரேடியேட்டர். அதே நிறுவனம் 2016-ல் வந்த ஹிமாலயனில் ஆயில் கூலரைச் சேர்த்தது, 2023-ல் வந்த ஹிமாலயன் 450-யில் கூலன்ட்டுக்கே மாறிவிட்டது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் வண்டிகள் சிலவற்றில் வேறொரு தந்திரம்: வண்டி நின்றிருக்கும்போது இன்ஜின் அதிகம் சூடானால், ஓட்டுபவரின் தொடைக்குக் கீழே இருக்கும் பின்சிலிண்டரில் எரிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிடும். பெரிய நிறுவனங்களே இவ்வளவு யோசிக்கும் விஷயத்தை, ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பொருளை வாங்கி மாட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைப்பது பேராசை.

முதலில் எடுக்க வேண்டியவை

எதையாவது வாங்கி மாட்டுவதற்கு முன்பு, ஏற்கெனவே மாட்டியிருப்பதில் எதைக் கழற்றலாம் என்று பாருங்கள். மழைக்காலத்தில் சேறு தெறிக்காமலிருக்க கிராஷ் கார்டில் ரெக்ஸின் தட்டியைக் கட்டுவார்கள். மழை நின்று ஆறு மாதமாகியும் அது அங்கேயே இருக்கும். சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்றைத் திரைபோட்டு மறைக்கும் வேலையை அது கச்சிதமாகச் செய்யும். டூர் போகிறவர்கள் கிராஷ் கார்டின் இரு பக்கமும் தொங்கவிடும் தண்ணீர் கேன், டூல்ஸ் பை, ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டும் கூடுதல் விளக்கு, வலைத் தடுப்பு எல்லாம் இதே ரகம். பையைப் பின்னால் கட்டுங்கள். முன்பக்கம் காற்றுக்குச் சொந்தம்.

அடுத்தது, சேறு. ஏலக்காய் எஸ்டேட் மண்சாலைகளில் போய்வந்த வண்டியின் ஃபின்களுக்கு இடையில் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கும். அது இன்ஜினுக்குப் போர்த்திய கம்பளி. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் தண்ணீருமாக உட்கார்ந்தால் 15 நிமிட வேலை. ரேடியேட்டராக இருந்தால் பிரஷ்ஷை அழுத்தாதீர்கள், ஹை பிரஷர் வாட்டர் வாஷைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிட்டால் காற்றுப் பாதை அடைந்துவிடும்.

ஆயில் விஷயத்தில் சமாதானமே கிடையாது. மலையில் இன்ஜின் பிடித்துக்கொண்ட வண்டியைப் பிரித்துப் பார்க்கும் மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது ஆயில் அளவைத்தான். ஆயில் வழுக்குவதற்கு மட்டுமல்ல, பிஸ்டனின் அடிப்பக்கத்திலிருந்து சூட்டை அள்ளிக்கொண்டு வருவதும் அதுதான். ஒரு லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 600 மில்லி இருந்தால், ஆறு பேர் பத்துப் பேர் வேலையைப் பார்க்க வேண்டும். வண்டியை நேராக நிறுத்தி, சைடு ஸ்டாண்டில் சாய்க்காமல் அளவு பாருங்கள். எந்த கிரேடு என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. `வெயிலுக்குக் கெட்டியான ஆயில் போட்டா நல்லது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றாதீர்கள்.

கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றும் பழக்கமும் விட வேண்டிய ஒன்று. உப்பு படிந்து உள்ளே அடைக்கும். வழியில் வேறு வழியே இல்லை என்றால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பரவாயில்லை. ஊருக்கு வந்ததும் சரியான கூலன்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வண்டி வழக்கத்தைவிட அதிகம் சுட்டால், அது மெக்கானிக் பார்க்க வேண்டிய சூடு. பெண்ட் பைப்பின் பளபளப்பு திடீரென நீலம் பாய்ந்தால் பெட்ரோல் கலவை வறண்டிருக்கலாம், டைமிங் பிந்தியிருக்கலாம். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருந்தால், அது வழியே காற்றை உறிஞ்சி கலவை வறண்டுபோகும். டேப்பெட் இறுக்கமாக இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாமல் கருகும். பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவில் கலவை சற்று வறண்டுதான் போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, தேவைப்பட்டால் ட்யூனிங்கைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இழுத்துப் பிடிக்கும் பிரேக் ஷூ, காய்ந்த செயின், காற்று குறைந்த டயர் ஆகிய மூன்றும் இன்ஜினைத் தேவையில்லாமல் கூடுதலாக உழைக்கவைக்கும். பின்சக்கரத்தைத் தூக்கிவைத்து கையால் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காலுக்கும் பைப்புக்கும் நடுவே...

வண்டி நலமாகத்தான் இருக்கிறது, காலுக்கு மட்டும்தான் கஷ்டம் என்றால், செய்ய வேண்டியது தடுப்பு. அதில் சிறந்தது எளிமையானதும்கூட: பைப்பிலிருந்து சிறிது இடைவெளி விட்டு மாட்டும் ஹீட் ஷீல்டு. தகட்டுக்கும் பைப்புக்கும் நடுவே காற்று ஓட வேண்டும், அதுதான் ரகசியம். பல வண்டிகளில் கம்பெனியே இதைக் கொடுத்திருக்கும். கீழே விழுந்து வளைந்ததும் கழற்றிப் போட்டிருப்பார்கள், அல்லது வளைந்தபடி பைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாக மாட்டிவிட்டாலே பாதிப் பிரச்னை முடிந்தது. பின்சீட்டுக்காரரின் கால் படும் இடத்துக்கும் தனியாக ஷீல்டு உண்டு. டேங்க்கின் அடிப்பகுதியிலும் சீட்டுக்கு அடியிலும் ஒட்டுவதற்கு அலுமினியப் பூச்சுள்ள வெப்பத் தடுப்பு ஷீட்டுகள் கிடைக்கின்றன. ஒயர்களுக்கும் பெட்ரோல் ட்யூபுக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒட்டத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

பைப்பைச் சுற்றிக் கட்டும் நாடா, அதாவது எக்ஸாஸ்ட் ராப், பார்க்கப் பந்தாவாக இருக்கும். கண்ணாடி இழை அல்லது பசால்ட் இழையில் செய்தது. காலுக்கு வரும் சூட்டை அது குறைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் குமுளி, மேகமலை மழையில் நனைந்தால், ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளே இரும்பு பைப்பை அரித்துவிடும். அரிப்பது வெளியே தெரியவும் தெரியாது. ரேஸ் வண்டிக்குச் சரி, சாரல் மழையில் வீட்டு ஆட்களை ஏற்றிப்போகும் வண்டிக்கு அவசியமில்லை. எங்கேயாவது பழைய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இருக்கிறது என்று யாராவது எடுத்துவந்தால், அதைத் தொடக்கூட வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டால் சூடு குறையும் என்று ஆலோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சூடு கொஞ்சம் குறையலாம். கூடவே, புகையிலிருக்கும் கார்பன் மோனாக்ஸைடு அப்படியே பின்சீட்டுக்காரர் பக்கமும் பின்னால் வருகிறவர் பக்கமும் போகும். ஆக்ஸிஜன் சென்ஸார் குழம்பி கலவை மாறினால், இன்ஜின் முன்பைவிட அதிகமாகச் சுடவும் கூடும். சட்டப்படியும் தவறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, புகை, ஒலி விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதங்களுக்கு இழக்கவும் நேரிடலாம். சைலன்ஸருக்குள் கம்பியை விட்டுக் குத்துவதும் இதே கணக்கில்தான் வரும்.

ஏறும்போது கை சொல்வதைக் கேளுங்கள்

மைலேஜ் ஆசையில் நான்காவது கியரிலேயே ஏற்றத்தை இழுப்பவர்கள்தான் அதிகம். இன்ஜின் `டக டக' என்று திணறும், ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க அதே வேகத்தில்தான் போகும். அந்தத் திணறலில்தான் பிஸ்டன் மிகவும் கொதிக்கிறது, ஆயிலும் கூலன்ட்டும் மெதுவாகச் சுற்றுகின்றன. ஒரு கியர் குறைத்து, இன்ஜினைத் தாராளமாகச் சுற்றவிடுங்கள். வளைவில் அரை கிளட்ச் பிடித்தபடி ஏறுவதும் வேண்டாம். வழுக்கும் கிளட்ச் பிளேட்டின் சூடு முழுக்க இன்ஜின் ஆயிலில்தான் இறங்கும். பஸ் முன்னால் நின்றால் இடைவெளி விட்டு நின்று, அது நகர்ந்து வழி கிடைத்ததும் ஒரே மூச்சில் ஏறுங்கள். வரிசை ஒரு நிமிடத்துக்கு மேல் நகரவில்லையா... இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

ஸ்கூட்டரில் மலையேறும் குடும்பங்களும் இப்போது நிறைய. ஸ்கூட்டர் இன்ஜினுக்கு உள்ளேயே ஃபேன் உண்டு, அதனால் மெதுவாகப் போனாலும் காற்று கிடைக்கும். ஆனால் நீண்ட ஏற்றத்தில் பெல்ட் சூடாகும். பாதி வழியில் பத்து நிமிடம் நிறுத்துவது அதற்கு நல்லது. காற்று நுழையும் சல்லடையில் பாலித்தீன் பை, துண்டு எதுவும் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

டெம்பரேச்சர் விளக்கு எரிந்தாலோ, இழுவை திடீரெனக் குறைந்தாலோ, இன்ஜினிலிருந்து `டங் டங்' என்று உலோகச் சத்தம் வந்தாலோ `மெட்டுக்குப் போய் நிறுத்திக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதுகாப்பான, நிழலான இடத்தில் ஓரங்கட்டுங்கள். அவசரத்தில் பாட்டில் தண்ணீரைச் சிலிண்டர்மீது ஊற்றாதீர்கள், கொதிக்கும் உலோகம் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடலாம். ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். போடிமெட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமலிருப்பது, மூடி கொடுக்கும் அழுத்தத்தால்தான். மூடியைத் திருகிய நொடியில் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம் காத்திருங்கள். மலை எங்கேயும் போய்விடாது.

சைலன்ஸர் சுட்டுவிட்டால்...

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். 60 டிகிரி சூடுள்ள உலோகம் தோலில் ஐந்து நொடி பட்டாலே ஆழமான தீக்காயம் ஆகலாம். 70 டிகிரிக்கு ஒரே நொடி போதும். மலையேறி வந்த வண்டியின் சைலன்ஸர் சாதாரணமாகவே 100 டிகிரியைத் தாண்டியிருக்கும், பெண்ட் பைப் 200, 300 என்று போகும். `லேசாத்தானே பட்டுச்சு' என்பதற்கு அங்கே அர்த்தமே இல்லை.

அதிகம் சுட்டுக்கொள்வது ஓட்டுகிறவர் அல்ல. அவசரமாக வலது பக்கம் குதித்து இறங்கும் பிள்ளைகள், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும் பெண்கள், வீரபாண்டி சித்திரைத் திருவிழா போன்ற கூட்டங்களில் நெருக்கி நிறுத்திய பைக்குகளுக்கு நடுவே புகுந்து நடப்பவர்கள்... நம் ஊரின் பெரும்பாலான பைக்குகளில் சைலன்ஸர் வலதுபுறம்தான். அதனால், `இடது பக்கமாக ஏறு, இடது பக்கமாகவே இறங்கு' என்று பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே பழக்கிவிடுவது நல்லது. இரண்டு பக்கமும் சைலன்ஸர் உள்ள வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை.

டேங்க்கின்மேல் குழந்தையை உட்காரவைக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் அந்தக் குட்டிக் கால்கள் தொங்குவது சரியாக சிலிண்டர் ஹெட்டுக்குப் பக்கத்தில். குழந்தையின் தோல் பெரியவர்களுடையதைவிட மெல்லியது, சுட்டால் காலை எடுக்க வேண்டும் என்று தூக்கத்திலிருக்கும் குழந்தைக்குத் தெரியாது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை பைக்கில் அழைத்துப்போனால், ஓட்டுபவரோடு பிணைக்கும் பெல்ட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம், 40 கி.மீ வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் மத்திய அரசு விதியே கொண்டுவந்தது. மலைப்பயணத்துக்குக் குழந்தையோடு போவதென்றால் பஸ் இருக்கிறது.

உடையிலும் யோசிக்கலாம். பாலியஸ்டர், நைலான் துணிகள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். கனமான பருத்தியோ ஜீன்ஸோ, கணுக்காலை மூடும் ஷூவோ நல்லது. புடவை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் மட்டுமல்ல, சைலன்ஸரிலும் படாமல் செருகிக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் தொங்கும் துணிப் பைகள் சைலன்ஸரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி இருக்கின்றனவா என்று புறப்படும்போது பாருங்கள். ஆளும் எடையும் ஏறியபின் பை கீழே இறங்கும்.

அதையும் மீறிச் சுட்டுவிட்டால், குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் மெதுவாகக் காயத்தின்மேல் ஓடவிடுங்கள். முதலுதவி அவ்வளவுதான், ஆனால் அந்த 20 நிமிடத்தை யாரும் கொடுப்பதில்லை. கொலுசு, இறுக்கமான சாக்ஸ் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். துணி ஒட்டியிருந்தால் பிடுங்க வேண்டாம். ஐஸ் வைக்கக் கூடாது. பேனா மை, டூத்பேஸ்ட், இட்லி மாவு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். சூட்டை உள்ளேயே பூட்டுவதும், புண்ணில் கிருமி சேர்வதும், டாக்டர் பார்க்கும்போது காயத்தின் ஆழம் தெரியாமல் போவதும்தான் மிச்சம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். காயம் உள்ளங்கை அளவைத் தாண்டினால், தோல் வெள்ளையாகவோ கருகியோ வலியே தெரியாமல் இருந்தால், சுட்டது குழந்தைக்கு என்றால், அல்லது அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டி.டி ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், சூடு படுவதே தெரியாமல் ஒரு மணி நேரம் கடந்திருக்கும். தொட்டவுடன் சுடாத 50 டிகிரிகூட, தொடர்ந்து சில நிமிடங்கள் பட்டால் தோலைப் பொசுக்கிவிடும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் காலைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும்.

எங்கே நிறுத்துகிறீர்கள்?

மாசி, பங்குனியில் போடி மலைச் சரிவுகள் மஞ்சளாகக் காய்ந்து நிற்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. அந்தத் தீக்கும் பைக்குகளுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள். இப்போதுதான் ஏற்றம் ஏறிய வண்டியின் கன்வெர்ட்டரும் பெண்ட் பைப்பும் காய்ந்த புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகவே இருக்கும். போட்டோ எடுக்க ஆசைப்பட்டு சாலையைவிட்டு இறக்கி, முழங்கால் உயரப் புல்லுக்குள் நிறுத்துவதைத் தவிருங்கள். தாரிலோ, வெறும் மண்ணிலோ, பாறையிலோ நிறுத்துங்கள். வண்டியின் அடியில் சருகு சிக்கியிருந்தால், வண்டி ஆறிய பிறகு குச்சியால் எடுத்துவிடுங்கள்.

இறங்கும்போது இன்ஜின் குளிர்ந்துவிடும், சூடு பிரேக்குக்கு இடம் மாறும். ஏறும்போது இன்ஜினுக்குக் கொடுத்த அத்தனை உயரத்தையும் இப்போது பிரேக்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறங்குகிறவர்களின் டிரம் பாதி மலையிலேயே சூடேறிப் பிடிமானம் இழக்கும், டிஸ்க் பிரேக்கில் ஃப்ளூயிட் பழையதாக இருந்தால் கொதித்து லீவர் மெத்தென்று உள்ளே போகும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இறங்குபவர்கள் நடுவில் ஒருமுறையாவது நிறுத்தி பிரேக்கை ஆறவிட வேண்டும். கருகிய வாசனை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முந்தலுக்கு வந்து டீ சொல்லிவிட்டு, டிஸ்க் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்க்கும் ஆள் எப்போதும் ஒருவர் இருப்பார். அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டாம்!